சுட்ட மானைத் தேடும் நேரம்: வாசகர் கேள்வி பதில்

நவம்பர் கடைசியில் விஸ்கான்சினின் ஒன்பது நாள் மான் சீசன் முடிந்ததிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதி கேள்வி, பாதி அனுபவம். சிலருக்கு இது முதல் சீசன், சிலர் என்னைவிடப் பழைய ஆட்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுக்க மானுக்கும் காட்டுப் பறவைக்கும்தான்.

கேள்வி: சனிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு பெட்டை மானைச் சுட்டேன். அறுபது கெஜ தூரம் இருக்கும். முதுகை வளைத்து ஒரு குதி குதித்துவிட்டு, மெதுவாக நடந்து புதருக்குள் போனது. உடனே பரணிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போனேன். இரண்டு மூன்று இடத்தில் ரத்தம், அப்புறம் எதுவும் இல்லை. ஞாயிறு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஒரு வாரமாகத் தூக்கம் வரவில்லை. எங்கே தப்பு செய்தேன்?
(மேடிசன் வாசகர்)

பதில்: நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. முதுகை வளைத்தது, நடந்து போனது. வயிற்றில் குண்டு பட்ட மான் அப்படித்தான் போகும். நுரையீரலிலோ இதயத்திலோ பட்டிருந்தால் தலைதெறிக்க ஓடி, பெரும்பாலும் நூறு நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்திருக்கும். வயிற்றில் பட்ட மான் பக்கத்திலேயே அடர்ந்த இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும், யாரும் கிளப்பாவிட்டால் அங்கேயே உயிரை விடும். கிளப்பிவிட்டால் எழுந்து அரை மைல்கூடப் போய்விடும், தடமும் இருக்காது, ஏனென்றால் குடலும் கொழுப்பும் ஓட்டையை அடைத்துக்கொள்வதால் ரத்தம் வெளியே சொட்டாது. நீங்கள் உடனே இறங்கியதுதான் தப்பு.

அடுத்த முறை சுட்டதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்காருங்கள். மான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம், கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு மரம், இரண்டையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது அரை மணி நேரம் கழித்து, அது நின்ற இடத்துக்கு மட்டும் போய்ப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், தொடர்ந்து போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், நான்கு மணி நேரம் காத்திருங்கள். தண்ணீராக, பச்சையோ பழுப்போ கலந்து, சாண வாடை அடித்தால் வயிறு. எட்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள், சாயங்காலம் சுட்டது என்றால் விடிந்த பிறகுதான்.

தேடும்போது தரையை மட்டும் பார்க்காமல், முழங்கால் உயரப் புல்லின் பக்கவாட்டையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், மான் உரசிப்போன ரத்தம் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு சொட்டுக்குப் பக்கத்திலும் டாய்லெட் பேப்பரில் ஒரு துண்டு கிழித்துக் குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டே போங்கள். தடம் அறுந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் வெள்ளைத் துண்டுகள் ஒரு வரிசையாகத் தெரியும், மான் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பது அப்போதுதான் புலப்படும். (திரும்பி வரும்போது எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள்.) கயிற்றில் கட்டிய மோப்ப நாயைக் கூட்டிவந்து தேடுவதற்கு விஸ்கான்சினில் அனுமதி உண்டு, அதற்கென்றே நாய் பழக்கியவர்களும் இருக்கிறார்கள். வேலி தாண்டிப் போயிருந்தால் மட்டும் நிலத்துக்காரரிடம் கேட்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

என் இரண்டாவது சீசனில், வெர்னான் கவுன்டி மலைச்சரிவில், இருபது நிமிடம்கூடப் பொறுக்காமல் நானும் இதையேதான் செய்தேன். மறுநாள் ஓடைக்கரையில் நானூறு கெஜம் தள்ளி அந்த மான் கிடந்தது, பின்தொடை முழுவதையும் கொயோட்டி நரிகள் இரவிலேயே தின்றிருந்தன. அது படுத்திருந்த மூன்று இடங்களிலும் புல் அமுங்கி, உறைபனி இல்லாமல் ஈரமாக இருந்தது. மூன்று முறை நான் கிளப்பியிருக்கிறேன். என் டேக்கை (மான் சுடக் கொடுக்கும் அனுமதிச் சீட்டை) அந்த மானுக்கே போட்டுப் பதிவு செய்தேன், அத்தோடு என் சீசன் முடிந்தது. இன்றைக்கும் அந்த மூன்று படுக்கை கண்ணில் நிற்கிறது. உங்களுக்குத் தூக்கம் வராதது எனக்கு நன்றாகப் புரிகிறது.

கேள்வி: எச்1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் அடுத்த வருஷம் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் துப்பாக்கியைத் தொடலாமா?
(மில்வாக்கி வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. அதற்கு இருக்கும் விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ஆகவே லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம். அதுவரை நண்பருடைய துப்பாக்கியை ரேஞ்சில் வாங்கிச் சுட்டுப்பார்ப்பதுகூட வேண்டாம். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், வசந்தகாலத்திலேயே சேர்ந்துவிடுங்கள். வில்லும் குறுக்குவில்லும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வகையில் வராது, வில் சீசனும் செப்டம்பர் நடுவிலிருந்தே தொடங்கிவிடும், அதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது என்பேன். எதற்கும் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள், விசா விஷயத்தில் பத்திரிகைப் பதிலை மட்டும் நம்பி இறங்கக்கூடாது.

கேள்வி: நம் ஊரில் மானைச் சுட்டால் சிறை. அங்கே சீசன் வைத்துச் சுடுகிறீர்கள். மனசு ஒப்புகிறதா?
(சென்னை வாசகி)

பதில்: ஒப்புகிறது, ஆனால் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கேட்பார் இல்லாமல் சுட்டார்கள், கறியை ரயிலில் ஏற்றி நகரத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். வானத்தை மறைத்துப் பறந்த பயணிப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. வெண்வால் மானும் 1900 வாக்கில் ஐந்து லட்சம் அளவுக்குக் குறைந்துபோனது. அந்த வருஷம் வந்த லேசி சட்டமும், அதையொட்டி மாநிலங்கள் போட்ட சட்டங்களும்தான் கறிச்சந்தையை மூடின. இன்றைக்கும் நான் சுட்ட காட்டுமானின் கறியை யாருக்கும் கொடுக்கலாம், விற்க முடியாது. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் காட்டுயிர் மீட்புக்கு. இப்போது மான்கள் சுமார் மூன்று கோடி. விஸ்கான்சினில் அற்றுப்போயிருந்த வான்கோழியை 1976-இல் மிசூரியிலிருந்து கொண்டுவந்து வெர்னான் கவுன்டியில் விட்டார்கள், பதிலுக்கு இங்கிருந்து கவுதாரி மாதிரியான கிரவுஸ் பறவைகள் போயின. இன்று எங்கள் தெருமுனையிலேயே வான்கோழி மேய்கிறது.

நம் ஊரில் காடு சுருங்கிவிட்டது, இருக்கிற காட்டில் மானை நம்பிப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் வாழ்கின்றன. அங்கே வேட்டையைத் தடுக்கும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரி. தெற்கு விஸ்கான்சினில் மானை அடிக்க ஓநாய் இல்லாத அளவுக்குத்தான் இருக்கிறது, சோள வயலும் பனிக்கால மரக்கன்றும் தாங்குவதில்லை. இங்கே அளவோடு வேட்டை சரி. இரண்டு நிலத்துக்கும் ஒரே நியாயத்தை நான் வைக்க மாட்டேன்.

கேள்வி: ஈகிள் ரிவர் பக்கம் அக்டோபரில் மூன்று நாள் கிரவுஸ் தேடி நடந்தோம். பதினொன்று எழும்பின, ஒன்றும் விழவில்லை. அது படபடவென்று எழும்பும்போதே நெஞ்சு நின்றுவிடுகிறது, துப்பாக்கியைத் தூக்குவதற்குள் மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.
(கிரீன் பே வாசகர்)

பதில்: மூன்று நாளில் பதினொன்று எழுப்பியிருக்கிறீர்கள் என்றால் இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். வெட்டிவிட்டு மறுபடி முளைத்த ஆஸ்பென் மரக்கூட்டம், மணிக்கட்டுப் பருமன், கையை விரித்து நடக்க முடியாத நெருக்கம், அதுதான் இந்தக் கவுதாரியின் வீடு. தொடர்ந்து நடக்காதீர்கள். இருபது அடி நடந்து, நின்று, பத்து எண்ணுங்கள். நீங்கள் நடக்கும்போது பதுங்கும் பறவை, நின்றால் பார்த்துவிட்டார்கள் என்று பயந்து எழும்பும். எப்போதும் இரண்டு மரங்களுக்கு நடுவே இடைவெளி பார்த்து, கால் ஊன்றி நில்லுங்கள். மானுக்குக் குறிபார்ப்பது மாதிரி பார்த்துக் கொண்டிருந்தால் முடியாது, கண் பறவையிலேயே இருக்க, துப்பாக்கிக் குழாய் அதோடு சேர்ந்து ஓடவேண்டும். முடிந்தால் இலை உதிர்ந்த பிறகு போங்கள்.

ஒன்று விழுந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே தீனிப்பையைத் திறந்து பாருங்கள். எனக்கு இந்த வருஷம் கிடைத்த ஒரே கிரவுஸின் தீனிப்பையில் க்ளோவர் இலை, ஆஸ்பென் மொட்டு, சுருங்கிய சிவப்புப் பழம் நான்கு. அடுத்த நாள் க்ளோவர் முளைத்த மரம் ஏற்றிப்போன பழைய வண்டிப் பாதையோரமாகவே நடந்தேன், முதல் அரை மணியில் மூன்று எழும்பின.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆரஞ்சு உடுப்பு வேண்டாம், பிங்க்தான் வேண்டும் என்கிறாள்.
(லா கிராஸ் வாசகி)

பதில்: தாராளமாகப் போடட்டும். ஒளிரும் பிங்க் நிறத்தை வேட்டை உடுப்பாக 2016-இல் முதலில் ஏற்ற மாநிலமே விஸ்கான்சின்தான். இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடுப்பில் பாதியாவது அந்த நிறமாக இருக்கவேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. பரணில் ஏற்றுவதாக இருந்தால் உடம்பு முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டிவிடுங்கள். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், அவள் ஏறி உட்கார்ந்த பிறகு கயிற்றில் மேலே இழுக்கட்டும்.

கேள்வி: மான் ஆரோக்கியமாகத்தான் இருந்தது. சி.டபிள்யூ.டி. (மானை உருக்கிக் கொல்லும் நோய்) பரிசோதனை அவசியமா? வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள்.
(டாட்ஜ்வில் வாசகர்)

பதில்: அவசியம், அதுவும் உங்கள் பக்கத்தில். விஸ்கான்சினில் இந்த நோய் 2002-இல் முதலில் தெரிந்ததே தென்பகுதியில்தான். பிடித்த மான் ஒரு வருஷத்துக்கு மேல்கூட நல்ல உடம்போடு திரியும், பார்த்துச் சொல்ல முடியாது. ப்ரியான் என்ற புரதத்தால் வருவது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் இருப்பதாக முடிவு வந்த கறியைத் தின்ன வேண்டாம் என்று நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. தலையைக் கொஞ்சம் கழுத்தோடு வெட்டிப் பையில் போட்டு, வனத்துறைப் பெட்டியில் விட்டால் போதும், காசு இல்லை. தொண்டைக்குப் பின்னால் நெறி கட்டும் இடத்தில் இருக்கும் முடிச்சுகளை எடுத்துப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு கறிப் பொட்டலத்திலும் பரிசோதனை எண்ணை எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன், முடிவு வரும்வரை ஒன்றையும் பிரிப்பதில்லை. குழந்தைகள் இருப்பதால் இன்னொன்று: ஈயத் தோட்டா சிதறித் தூளாகக் கறியில் இறங்கும், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அடுத்த வருஷம் தாமிரத் தோட்டாவுக்கு மாறுங்கள்.

கேள்வி: மட்டன் மாதிரியே குழம்பு வைத்தேன். ரப்பர் மாதிரி இருந்தது, வாடையும் அடித்தது.
(ஆப்பிள்டன் வாசகி)

பதில்: வாடை கொழுப்பிலும் சவ்விலும் இருக்கிறது. ஆட்டுக்கொழுப்பு ருசி, மான்கொழுப்பு ஆறியதும் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் பொறுமையாகச் சீவி எடுத்துவிடுங்கள். தோள்கறியும் கழுத்துக்கறியும்தான் குழம்புக்கு, குக்கரில் மட்டனைவிட நான்கைந்து விசில் கூடுதலாக விடுங்கள். தொடையை மெல்லிய பட்டையாக அரிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் புரட்டி, உலர்த்தும் மெஷினில் உப்புக்கண்டம் போடலாம். முதுகுக்கறியை மட்டும் குழம்பில் போட்டுவிடாதீர்கள். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் நல்லெண்ணெய், உப்பு, இடித்த மிளகு, ஒரு பக்கம் மூன்று நிமிடம், திருப்பிப்போட்டு மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரிந்து சூடாகவே பரிமாறுங்கள்.