எதிர்வீட்டு மாடியில் செல்போன் டவர் வருகிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எப்படித் தடுப்பது?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனு எழுத உட்காருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: டவர் தள்ளிப் போவதால் உங்கள் வீட்டார் தலையில் படும் அலை குறைந்துவிடாது; கைபேசியைக் காதில் வைத்துப் பேசுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கூடவே செய்யும்.

டவர்களின் அலைச்செறிவை அளக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பெனிக்காரன் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இன்று எந்த நிறுவனத்திடமிருந்தும் எனக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தெருவில், புதிதாக வந்த டவருக்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்தபோது அளப்பதற்கு என்னை அனுப்பினார்கள். டவருக்கு நேர் எதிர்வீட்டு மொட்டை மாடியில் முக்காலியை நிறுத்தி, அலையை உணரும் ப்ரோப் என்ற கருவியைப் பொருத்தி, ஆறு நிமிட சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவே மாடியில் கூடியிருந்தது. வந்த அளவு, சட்டம் அனுமதிக்கும் வரம்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அந்த நேரத்தில் என் பக்கத்தில் நின்றிருந்த ஓர் இளைஞருக்கு அழைப்பு வந்தது; அவர் ப்ரோப்பை ஒட்டி நின்றபடியே பேசத் தொடங்கியதும் மீட்டரின் எண் சடசடவென்று ஏறியது. அவர் விலகியதும் இறங்கியது. எல்லாரும் பார்க்கட்டும் என்று மறுபடியும் அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன், மறுபடியும் ஏறியது. போராட்டத்தில் முன்னால் நின்ற ஒரு பெரியம்மா, "அப்போ இம்புட்டு நாளும் எங்க தலையிலயா டவர வச்சிருந்தோம்?" என்று கேட்டார். அதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

காரணம் எளிது. ஆன்டெனாவிலிருந்து புறப்படும் அலை, தொலைவு இரண்டு மடங்கானால் கால் பங்காகக் குறைகிறது. அதோடு அதன் முதன்மைக் கற்றை கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் போவதால் நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு மிகக் குறைவாகவே கிடைக்கிறது. கைபேசியோ கன்னத்தை ஒட்டியே இருக்கிறது. டவர் தூரத்தில் இருந்தால், தொலைவில் நிற்பவரைக் கூப்பிடக் குரலை உயர்த்துவதைப்போல, கைபேசி தன் திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது. அந்தத் தெருவிலும் டவரை எடுக்க வைத்துவிட்டார்கள். பிறகு சிக்னல் தேய்ந்து, எல்லாக் கைபேசிகளும் இருந்த திறனையெல்லாம் கொட்டி வேலை செய்தன.

வரம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைபேசி அலை போன்ற அயனியாக்காத கதிர்வீச்சுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொதுமக்களுக்கென்று வகுத்த வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.45 வாட்டாகக் குறைத்தது. கைபேசிக்கு வேறு கணக்கு: உடல் உறிஞ்சும் அளவு, ஒரு கிராம் திசுவின் சராசரியில், கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் கைபேசியில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கைபேசிகளில் அந்த அளவு திரையில் வரும். இது வெறும் காகித விதியும் அல்ல: 2023 இல் பிரான்சில் ஐபோன் 12 கை கால்களுக்கான வரம்பான கிலோவுக்கு 4 வாட்டைத் தாண்டி 5.74 காட்டியதால் அதன் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள்.

2011 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை "புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளவை" என்று வகைப்படுத்தியதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான், நான் மறைக்கவில்லை. கிடைத்த சான்று குறைவானது, உறுதியானதல்ல என்பதுதான் அந்த வகைப்பாட்டின் பொருள். அதே நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2024 இல் வெளியான மதிப்பாய்வு, கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்றது.

என்னை உண்மையிலேயே வேதனைப்படுத்துவது வேறொன்று. அதே தெருவில், அதே பயத்தைக் காட்டி, கைபேசியின் பின்னால் ஒட்டினால் கதிர்வீச்சை உறிஞ்சிவிடும் என்று ஒரு ஸ்டிக்கரை வீடு வீடாக விற்றுவிட்டுப் போனார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள்கூடப் பிள்ளைகளை நினைத்து வாங்கினார்கள். அது உண்மையிலேயே அலையைத் தடுத்தால் கைபேசி இன்னும் திறனைக் கூட்டும். தடுக்காவிட்டால் கொடுத்த பணம் வீண். தாய்மாரின் பயத்தைச் சந்தையாக்குகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனவே, டவர் எழுந்த பிறகும் உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் அந்த டவரைத் தேடி, 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தி அளக்கச் சொல்லுங்கள். தெருவார் பகிர்ந்துகொண்டால் அது பெரிய தொகையல்ல. அளக்க வருபவரிடம், குழந்தை தூங்கும் அறையிலும் ப்ரோப்பை வைக்கும்படி கேளுங்கள். அதுவரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேச நேர்ந்தால் கைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசுங்கள். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும்போது நீண்ட பேச்சைத் தள்ளிப்போடுங்கள்.