வீட்டில் அடைத்து விற்ற முகக்க்ரீம்: மானநஷ்ட வழக்குப் போடலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாக இன்ஸ்டாகிராமில் முகக்க்ரீம் விற்கிறேன். கோவையில் லைசன்ஸ் உள்ள ஒரு கம்பெனியில் 20 கிலோ வாளியாக வாங்கி, வீட்டில் கஸ்தூரி மஞ்சளும் ரோஸ் எசன்ஸும் கலந்து, 50 கிராம் டப்பாக்களில் அடைத்து, என் பிராண்டு ஸ்டிக்கர் ஒட்டி கூரியரில் அனுப்புகிறேன். மதுரையில் ஒரு பெண் முகம் வெந்துவிட்டதாக வீடியோ போட்டு, 5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறார். போன வாரம் ட்ரக் இன்ஸ்பெக்டர் வந்து சாம்பிள் எடுத்துக்கொண்டு போனார். எல்லாம் என் நங்கையா (கணவரின் அக்கா) செய்யும் வேலை. என்னோடு கூட்டாக ஆரம்பித்து, பிரிந்துபோய், இப்போது அதே க்ரீமைத் தன் பெயரில் விற்கிறார். என்னிடம் ஜிஎஸ்டி, உத்யம், எஃப்எஸ்எஸ்ஏஐ எல்லாம் இருக்கிறது. இவர்கள் இருவர் மீதும் மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். மானநஷ்ட வழக்கில் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, “இந்த டப்பாவை அடைத்தது யார்?” என்பதாக இருக்கும். அதற்கு நீங்கள் சொல்லும் பதில் உங்கள் மேல் வரப்போகும் குற்ற வழக்கில் சாட்சியமாகிவிடும்.

நங்கையா தூண்டினாரா, அந்தப் பெண் பணத்துக்காகச் செய்கிறாரா என்பதை நான் பார்க்கப்போவதில்லை, நீதிமன்றமும் பார்க்காது. நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான்: வாளியைத் திறந்து, கலந்து, அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டினீர்கள்.

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, பிரிவு 3(எஃப்)-இல் ‘தயாரிப்பு’ என்றால் அடுப்பில் காய்ச்சுவது மட்டும் அல்ல. மாற்றுவது, பிரிப்பது, அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாமே தயாரிப்பு. சில்லறை வியாபாரத்தில் வழக்கமாக நடக்கும் பொட்டலம் கட்டுதலுக்கு மட்டும் விலக்கு உண்டு. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அந்த விலக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மஞ்சளும் எசன்ஸும் கலந்து, சொந்த பிராண்டு போட்ட பிறகு அந்த விலக்கு உங்களுக்குக் கைகொடுக்காது.

குழப்பம் எங்கே வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. இங்கே தயாரான அழகுசாதனப் பொருளை விற்க மட்டும் தனி விற்பனை லைசன்ஸ் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் வீட்டிலேயே அடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடைப்பதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு லைசன்ஸ் வேண்டும். ஜிஎஸ்டி வரிக்கு, உத்யம் சிறுதொழில் பதிவுக்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ சாப்பாட்டுக்கு. மூன்றையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினால் லைசன்ஸ் இல்லை என்பதைத்தான் உறுதிப்படுத்துகிறீர்கள்.

லைசன்ஸ் உள்ள இடத்தில் வாங்கினேன், தப்பு அவர்களுடையது என்கிறீர்கள். பிரிவு 19(3) அந்தப் பாதுகாப்பைத் தருகிறது, வெறும் வியாபாரிக்கு. முறையான லைசன்ஸ்தாரரிடம் வாங்கினேன், குறை எனக்குத் தெரியாது, கவனமாகப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்க முடியாது, வாங்கிய நிலையிலேயே வைத்திருந்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை நீங்கள் மஞ்சளைக் கொட்டிய அன்றே போய்விட்டது.

இனி நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகான நாட்களில்தான் என்னிடம் வழக்கோடு வருகிறவர்கள் தங்களைத் தாங்களே கெடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய டப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்ச் நம்பர் இல்லை. காலாவதி மாதம் மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறது. அடியில் கோவைக் கம்பெனியின் பெயரும் லைசன்ஸ் நம்பரும் அச்சாகியிருக்கின்றன. கடிதத்தில் அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு தயாரிப்பாளரின் பொருள் என்று காட்டிக்கொண்டு, உண்மையில் அவர் பொருளாக இல்லாவிட்டால் பிரிவு 17டி-இன்படி அது ‘போலி’. அவர்கள் தயாரித்தது வெறும் பேஸ், அதாவது எதுவும் கலக்காத அடிப்படைக் க்ரீம். டப்பாவில் இருப்பது உங்கள் வீட்டில் கலந்தது. அந்த வாதத்தை அரசுத் தரப்பு எடுத்து நிரூபித்துவிட்டால் பிரிவு 27ஏ-இன் கடுமையான பகுதிக்குள் போய்விடுவீர்கள்: 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது பறிமுதலான சரக்கின் மதிப்பைப் போல மூன்று மடங்கு, எது அதிகமோ அது. கோவைக் கம்பெனியும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதல் நாளே உங்களைக் கைவிடும். உங்களிடம் இருக்கும் பில்லில் ‘க்ரீம் பேஸ் 20 கிலோ’ என்று கையால் எழுதியிருக்கிறதே தவிர பேட்ச் நம்பர் இல்லை. எந்த வாளி எந்தப் பேட்ச் என்று நிரூபிக்க உங்களால் முடியாது.

இந்த நேரத்தில் ஒரு தெரிந்தவர் வருவார். “புது ஸ்டிக்கர் அடித்துவிடலாம், பழைய தேதியில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், மிச்ச சரக்கை வாய்க்காலில் கொட்டிவிடலாம்” என்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள், அம்மணி. ஒரு லேபிள் குற்றம் ஆவண மோசடியாகவும் சாட்சிய அழிப்பாகவும் வளர்வதற்கு அது ஒன்றே போதும். சரக்கு இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும், விற்பனையை இன்றே நிறுத்துங்கள். ரீல்ஸ்களை அழிக்க வேண்டாம், மறைத்து மட்டும் வையுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு வாட்ஸ்அப்பில், “மன்னிச்சுக்கோ கண்ணு, அந்தத் தடவை மஞ்சள் கூடிப்போச்சு” என்று எழுதிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். இரக்கத்தில் எழுதியதுதான், ஆனால் ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் வாசிக்கப்படும்.

இன்ஸ்பெக்டர் எடுத்துப்போன சாம்பிளைச் சோதிக்கும் அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 28 நாள் கணக்கு ஓடும். அதற்குள் அறிக்கையை எதிர்த்துச் சாட்சியம் தரப்போவதாக எழுத்தில் சொல்லாவிட்டால், பிரிவு 25(3)-இன்படி அதில் எழுதியிருப்பதுதான் முடிவு. தபால் கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு 40-ஆம் நாள் என்னிடம் வந்தால் என்னால் செய்ய அதிகம் இருக்காது. கவர் வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதுங்கள்.

அந்த அறிக்கையில் பாதரசம் என்று வந்துவிட்டால் கதை வேறு. கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில், தெரியாமல் கலந்ததாகவே இருந்தாலும், 10 லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது. சீக்கிரம் வெளுப்பாக்கும் பேஸ் என்று மலிவாகக் கிடைப்பதில் இந்த ஆபத்து உண்டு. 2023-இல் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலருக்கு முகவெண்மைக் க்ரீம்தான் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று சோதனை நடத்தியதும் அந்த வருடம்தான். கடையில் வாங்கிய மஞ்சள்தூளையும் நம்ப வேண்டாம். நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலப்பது தெரிந்த மோசடி. திறக்காத வாளி ஒன்று இருந்தால் அதிலிருந்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்து வைத்துக்கொள்வோம். எப்படி எடுத்து அனுப்புவது என்று என்னைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

மதுரைப் பெண் விஷயத்துக்கு என் பதில் நேரடியானது: பேசி முடியுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(36)-இன்படி அடுத்தவர் தயாரித்த பொருளில் தன் முத்திரையைப் போட்டவரும் தயாரிப்பாளர்தான். உங்கள் ரீல்ஸில், “ஏழு நாளில் பலன், பக்கவிளைவே கிடையாது” என்று சொல்லியிருக்கிறீர்கள். அது வெளிப்படையான உத்தரவாதம். அதைத் தருவதில் கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பு போகாது என்கிறது பிரிவு 84(2). அவர் வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோபியிலிருந்து மதுரை போய்வருவதையும் கணக்கில் சேருங்கள்.

5 லட்சம் என்பது பேச்சுக்குத் தொடக்கம். தோல் மருத்துவரின் சீட்டும் பில்லும் கேட்டு வாங்கி, சிகிச்சைச் செலவும் அதற்கு மேல் ஒரு நியாயமான தொகையும் என்று ஆரம்பிப்போம். முகம் வெந்தது பொய் என்று சொல்லிக்கொண்டு பேச உட்காராதீர்கள். அந்தப் பெண்ணுக்கு வலித்திருக்கும். ஒப்பந்தம் வக்கீல் வழியாக எழுத்தில், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், முழுத் தீர்வாக இருக்க வேண்டும். ஆனால் ‘மருந்துத் துறையில் கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டும்’ என்ற நிபந்தனை ஒரு வரிகூட அதில் வரக்கூடாது. குற்ற வழக்கை அமுக்கப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-இன்படி செல்லாது, உங்கள் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் வரும். இன்ஸ்பெக்டர் எடுத்த நடவடிக்கை அரசுடையது. அந்தப் பெண் மனசு மாறினாலும் அது நிற்காது.

தொழிலைத் தொடர விரும்பினால், இனி லைசன்ஸ் உள்ள கூடத்திலேயே கலந்து, அடைத்து, லேபிள் ஒட்டி வாங்குங்கள். ‘விற்பனை செய்பவர்’ என்று உங்கள் பெயர் இருக்கட்டும், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனி பில் இருக்கட்டும்.

இன்ஸ்பெக்டர் கொடுத்துவிட்டுப் போன தாள்கள், கோவை பில்கள், நோட்டீஸ், கூரியர் ரசீதுகள், திறக்காத டப்பா இரண்டு, இவற்றோடு இந்த வாரமே உங்கள் ஊரில் ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸுக்குப் பதிலை அவர் எழுதட்டும், நீங்களாக எழுத வேண்டாம்.