கேளுங்க சொல்றோம்: ஸ்கூல் தோட்டம்

கேள்வி: எங்க ஸ்கூல் பின்னாடி காலி இடம் கிடக்கு. பசங்கள வச்சு காய்கறி போட்டு பக்கத்துல இருக்குற முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம்னு இருக்கோம். என்ன போடலாம்? - ஒரு டீச்சர்

பதில்: இத என்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி அந்த இல்லத்துல சமைக்கிறவங்ககிட்ட கேட்டுடுங்க டீச்சர். முக்காவாசி பேர் கோட்டை விடுறது இங்கதான், நமக்கு எது நல்லா காய்க்குதோ அத மூட்டை கட்டி கொண்டு போயி இறக்கிடுறோம், அங்க பல்லு போன பெரியவங்க முத்தின பீன்ஸ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? பூசணி, கீரை, தக்காளினா வேகவச்சு மசிச்சுக் கொடுத்துடலாம். எத்தனை பேர், எந்தக் கிழமை வேணும், ஃப்ரிட்ஜ் இருக்கா, இதெல்லாம் கேட்டு எழுதிக்கோங்க. ஏன்னா கீரைய வெயில் ஏறுறதுக்குள்ள அறுத்து ஈரத்துணில சுத்தி அன்னிக்கே சேத்துடணும், சாயங்காலம் வரைக்கும் ஸ்டாஃப் ரூம்ல கிடந்தா தொவண்டு போயிடும். பூசணிக்கு அந்த அவசரம் இல்ல, நல்லா முத்தினத காம்போட அறுத்து வச்சா ரெண்டு மூணு மாசம் தாங்கும்.

அடுத்து லீவு. கீரை 25-30 நாள்ல வந்துடும், முள்ளங்கிக்கு 45 நாள் கிட்ட ஆகும், பீன்ஸுக்கு 50-60 நாள், தக்காளி நாத்து நட்டதுலேர்ந்து 60-80 நாள். பெரிய லீவு என்னிக்கு ஆரம்பிக்குதுனு பாத்து அங்கேர்ந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க, இல்லனா கேட்டைப் பூட்டின அப்புறம் தக்காளி பழுத்து தரையில கொட்டும். பழைய பில்டிங் சுவரை ஒட்டி மட்டும் பாத்தி வேணாம், உதிர்ந்த பழைய பெயிண்ட்ல ஈயம் (லெட்) இருக்கலாம், அது விஷம், மண்ணுலயே தங்கிடும்.

கேள்வி: பச்சை சாணத்த அப்படியே போடலாமா?

பதில்: வேணாங்க. அதுல ஈ.கோலை கிருமி இருக்கும், சாப்பிடப்போறவங்க வயசானவங்க, உடம்புக்கு முடியாதவங்க. அமெரிக்க ஆர்கானிக் விதிப்படியே, மண்ணுல படுற காய்னா அறுவடைக்கு 120 நாள் முன்னாடியும், படாததுனா 90 நாள் முன்னாடியும் நிறுத்திடணும். நல்லா மக்கின எருவே போதும்.

கேள்வி: ஸ்கூல் தோட்டத்துல விளையுற எல்லாத்தையும் வெளிய கொடுத்துடுறாங்களாம், ஒரு தக்காளி கூட வாயில வைக்கலனு என் பொண்ணு அழறா. எப்படி சமாதானம் சொல்றது? - ஒரு அம்மா

பதில்: சமாதானம் எதுக்குங்க, அவ கேக்குறது நியாயம்தானே! 1995ல அலாஸ்கால ஜெஃப் லோவன்ஃபெல்ஸ்னு ஒருத்தர் நியூஸ்பேப்பர்ல தோட்டப் பத்தி எழுதிட்டு இருந்தார், பசியில இருக்குறவங்களுக்காக ஒரு வரிசை கூடுதலா போடுங்கனுதான் வாசகர்கள கேட்டார். இருக்குறதயெல்லாம் கொடுங்கனு சொல்லல, அதனாலயோ என்னவோ அது ஊர் ஊரா பரவுச்சு. தோண்டி தண்ணி ஊத்தின புள்ளைக்கு அது என்ன ருசினே தெரியலனா அடுத்த தடவ மம்பட்டிய தொடுமா? முதல் பறிப்பு பசங்களுக்கு, மிச்சம் வெளியனு அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல நீங்களே எழுந்து சொல்லுங்க.