தேதி தாண்டியும் வலி வரலைன்னா

தங்கச்சி, கோயம்புத்தூர்ல இருந்து வந்து ரெண்டு மாசம், இப்போ கர்ப்பம் 40 வாரம் 4 நாள், மிட்வைஃப் "காத்திருக்கலாம்"னு அனுப்பிட்டாங்க, ஊர் ஸ்கேன்ல "நச்சுக்கொடி கிரேடு 2"ன்னு இருந்துச்சு, அம்மா ஃபோன்ல அழறாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் இங்கிலாந்து வந்து 14 வருஷம். என் மூத்தவன் 41 வாரம் 5 நாள்ல பிறந்தவன். அதனால சொல்றேன்.

முதல்ல அந்த கிரேடை விடுங்க. ஸ்கேன்ல வெள்ளையாத் தெரியுற சுண்ணாம்புப் படிவைப் பார்த்துப் போடுற எண் அது. 1979-ல வந்த முறை. தேதி நெருங்க நெருங்க அந்தப் படிவு வர்றது சகஜம். அதை மட்டும் வச்சு நச்சுக்கொடி ஒழுங்கா வேலை செய்யுதான்னு சொல்ல முடியாது. அதனால இங்கே வழக்கமான ரிப்போர்ட்ல எழுதவே மாட்டாங்க. நானும் உங்களை மாதிரி அந்த வரியைத் தேடிக் குழம்பினவதான்.

பிரசவம் முடிஞ்சதும் மிட்வைஃப் நச்சுக்கொடியைத் தட்டுல வச்சுக் காட்டினாங்க. அரைக்கிலோ ஈரல் மாதிரி ஒரு சதை. கர்ப்பப்பையில ஒட்டியிருந்த பக்கம் கல் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் பொடி. கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தேன், நறநறன்னு இருந்துச்சு. பையனுக்கு நகம் நீளம், உள்ளங்கை தோல் உரிஞ்சு கிடந்தான். நல்லா இருந்தான், அதையும் சொல்லிடறேன்.

பிரச்சினை சுண்ணாம்பு இல்லை. நாள் கூடக்கூட நச்சுக்கொடியில சில இடத்துல ரத்த ஓட்டம் குறையலாம். குழந்தை மட்டும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஆக்ஸிஜன் தேவைக்கும் வரத்துக்கும் இடையில இருந்த மிச்சம் கரையும். அப்போ குழந்தைக்குச் சிறுநீர் குறையும், பனிக்குட நீரும் வத்தும். நீர் வத்தினா தொப்புள்கொடி நசுங்க வாய்ப்பு. உள்ளேயே மலம் கழிச்சுடவும் செய்யும். ஆனா 42 வாரம் ஆன அன்னைக்கு நச்சுக்கொடி சுவிட்சை அணைச்ச மாதிரி நின்னுடாது. 2019-ல ஒன்றரைக் கோடி கர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்தாங்க. வயித்துலயே குழந்தை இறக்குறது 37-வது வாரத்துல ஆயிரத்துக்கு 0.11, 42-ல 3.18. சின்ன எண்தான், ஏறுறது மட்டும் நிஜம்.

அதனாலதான் 41 வாரத்துல வலி வரவைக்கத் தேதி தரலாம்னு நைஸ் (இங்கே சிகிச்சை வழிகாட்டுதல் போடுற அமைப்பு, NICE) 2021 வழிகாட்டுதல் சொல்லுது. அந்த வருஷம் மே மாசம் வந்த வரைவுல, நம்ம மாதிரி ஆசியப் பெண்களுக்கு 39-லயே யோசிக்கலாம்னு போட்டாங்க. தோல் நிறத்தைப் பார்த்தா முடிவெடுக்குறதுன்னு கடும் எதிர்ப்பு வந்து நவம்பர்ல எடுத்துட்டாங்க. எடுத்தது சரிதான்னு எனக்குத் தோணுது. ஆனா "எனக்குத் தனியா ஏதாவது கவனிக்கணுமா?"ன்னு நீங்க தைரியமாக் கேக்கலாம்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஊர்ல முதல் மூணு மாசத்துல எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்க. தேதி ஒரு வாரம் தப்புன்னா மொத்தக் கணக்கும் மாறிடும். நானா இருந்தா 41-ல தேதி வாங்கிடுவேன். இன்னும் காத்திருக்கத்தான் ஆசைன்னா அதுவும் உங்க உரிமை. 42-லிருந்து வாரம் ரெண்டு தடவை இதயத்துடிப்பும் ஸ்கேன்ல நீரும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

அசைவைப் பத்தி ஒண்ணு. "இடம் குறைஞ்சுடுச்சு, அதான் அமைதியா இருக்கு"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. கடைசி வரைக்கும் அதன் வழக்கப்படி அசையணும். குறைஞ்சாலோ வேற மாதிரி இருந்தாலோ ராத்திரி ரெண்டு மணியானாலும் உடனே மெட்டர்னிட்டி நம்பருக்குக் கூப்பிடுங்க, விடியட்டும்னு இருக்காதீங்க. நீர் பச்சையாவோ பழுப்பாவோ வந்தாலும் அப்படித்தான். கடையில விக்குற டாப்ளர் கருவியில துடிப்பு கேட்டுச்சுன்னு நிம்மதியாகிடாதீங்க. இங்கிலீஷ் தயக்கமா இருந்தா "தமிழ் இன்டர்ப்ரெட்டர்"னு அந்த ரெண்டு வார்த்தையை முதல்ல சொல்லுங்க, ஃபோன்லயே ஏற்பாடு பண்ணக் கேக்கலாம். அம்மாவை அந்த நேரத்துல லைன்ல போடாதீங்க, அப்புறம் பேசிக்கலாம்.