கிராணியாரைக் கேளுங்கள்: உப்பு ஏறிய மண்ணில் விதை

கேள்வி (வாசகி, பாகான் டத்தோ): ஐயா, பெரிய பாசாங் (கடல் பெருக்கு) வந்தபோது கரை உடைந்து கடல் தண்ணீர் லயத்துக்குப் பின்னால் இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு வெண்டை போட்டாலும் பயத்தங்காய் போட்டாலும் முளைக்கவில்லை. பாலைவனத்தில் உப்பு மண்ணிலேயே செடி வளர்கிறதே, விதையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழக்கினால் என்ன என்று மகன் கேட்கிறான். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பையனுக்கு யோசனை வந்ததே நல்லதுதான், ஆனால் பாலைவனச் செடிகள் செய்வது அதற்கு நேர் எதிர்.

விதை முளைக்க முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விதைக்கு விடாது. மண் சேறாக இருந்தாலும் விதைக்கு அது வறட்சிதான். கொஞ்சம் உள்ளே போனாலும் கூடவே சோடியமும் குளோரைடும் போய் முளையைக் கெடுக்கும். பயத்தங்காயும் வெண்டையும் இவ்வளவு உப்பைத் தாங்காது.

இப்போது உவர்நிலச் செடிகளுக்கு வருகிறேன். வளர்ந்த உமரிச் செடி கடல் தண்ணீரிலேயே நிற்கும். ஆனால் அதன் விதையும் நல்ல தண்ணீரில்தான் நன்றாக முளைக்கிறது. உப்பு அதிகமாக இருக்கும்வரை சாகாமல், முளைக்காமல் கிடக்கும். மழை பெய்து மேல்மண்ணில் உப்பு கரைந்து கீழே இறங்கியதும் சட்டென்று முளைத்துவிடும். உமரி வகைகள் சிலவற்றில் ஒரே செடியில் இரண்டு வித விதை இருக்கும். பழுப்பு விதை உடனே முளைக்கும், உப்பையும் கூடுதலாகத் தாங்கும். கறுப்பு விதை தோல் கெட்டி, அடுத்த நல்ல காலத்துக்குக் காத்திருக்கும். எல்லா விதையையும் ஒரே மழையில் இழக்க அந்தச் செடி தயாராக இல்லை. ஆஸ்திரேலியாவின் உப்புப் புதர் இன்னும் சாமர்த்தியம்: விதையை மூடியிருக்கும் சிற்றிலைகளிலேயே உப்பைச் சேர்த்து வைத்திருக்கும். மழை அதைக் கழுவினால்தான் விதைக்கு வழி.

பெரிதான பிறகு உப்பைச் சமாளிக்கும் விதத்தைப் பார்க்கப் பாலைவனத்துக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கரைக்கு அந்தப் பக்கம் அப்பி-அப்பி என்னும் அலையாத்தி மரம் நிற்கும். வெயில் நேரத்தில் அதன் இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியாக வந்த உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. பாலைவனத்துச் சவுக்குப் போன்ற டாமரிஸ்க் மரமும் இதையே செய்கிறது. இன்னொரு அலையாத்தி மரமான பாக்காவ் வேறு வழி: பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். உமரி உப்பை உள்ளே வாங்கி, செல்லுக்குள் ஒரு தனி அறையில் பூட்டிவைத்து, தண்ணீரைச் சேர்த்துச் சதைப்பற்றாகிவிடும். வெண்டைக்கு இந்த வேலை எதுவும் தெரியாது. ஊறவைத்துப் பழக்கவும் முடியாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? மழையை வேலை வாங்குங்கள். பாத்தியைச் சுற்றிக் கான் வெட்டி, தண்ணீர் வெளியே ஓட வழி செய்யுங்கள். வடிகால் இல்லாமல் எவ்வளவு மழை பெய்தாலும் உப்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாகான் டத்தோ களிமண் உப்பு போன பிறகும் பிசுபிசுவென்று இறுகும், காரணம் சோடியம் களிமண்ணை விடாமல் ஒட்டியிருப்பது. ஜிப்சம் போட்டால் அதன் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு மழை சோடியத்தை அடித்துப் போகும். பாசார் மாலாமில் பாட்டிலில் விற்கும் ‘உப்பு முறிக்கும் மருந்து’ எதையும் வாங்காதீர்கள். உப்பை முறிக்க முடியாது, கழுவத்தான் முடியும்.

வெயில் நாளில் வெறும் மண்ணாக விடாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது கீழே போன உப்பு மறுபடி மேலே வரும், ஆகவே காய்ந்த ஓலையால் மூடுங்கள். விதையை நல்ல மண் நிரப்பிய பாலித்தீன் பையில் முளைக்கவிட்டு, நாலைந்து இலை வந்ததும் அக்டோபர், நவம்பர் மழையில் பாத்தியில் நடுங்கள். அதுவரை கறிக்கு ஏதாவது வேண்டுமென்றால் கரையோரம் படர்ந்து கிடக்கும் வங்காரவள்ளைக் கீரை இருக்கிறது. நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள், உப்பே போடாதீர்கள்.

கேள்வி (மாணவர், தெலுக் இந்தான்): பாலைவனத்தில் விதைக்கு மழை போதுமா போதாதா என்று எப்படித் தெரியும்?

பதில்: ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவில் சில காலம் வேலை பார்த்த டச்சுக்காரர் பிரிட்ஸ் வென்ட், பிறகு கலிபோர்னியாவுக்குப் போய் இதைச் சோதித்தார். பாலைவன மேல்மண்ணை விதையோடு எடுத்துவந்து, மேலிருந்து மழைபோல் ஏறத்தாழ 25 மி.மீ. தண்ணீர் விட்டால் முளைத்தன. அதே மண்ணைக் கீழிருந்து நனைத்தால் முளைக்கவில்லை! ஈரம் இரண்டிலும் இருக்கிறது. விதையின் தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும் அளவு மழை பெய்தால்தான் விதை எழும் என்று அவர் விளக்கினார். சின்னத் தூறலை நம்பி முளைத்தால் பூக்கும் முன்பே காய்ந்துவிடுமே.

எல்லாச் செடியும் இப்படிப் பொறுமைசாலி இல்லை, தம்பி. மத்திய ஆசியாவின் பாலைவன மரமான சாக்சாவுலின் விதைக்குள் பச்சைக் கரு சுருண்டு தயாராக இருக்கும். ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் சுருள் பிரிந்து வேர் விடும். ஆனால் ஓராண்டு போனால் முளைப்புத் திறன் பெரும்பாலும் போய்விடும். வற்றிப்போன ஏரல் கடலின் உப்புத் தரையில் புழுதியைத் தடுக்க இந்த மரத்தைத்தான் நடுகிறார்கள்.

கேள்வி (வாசகி, ஊத்தான் மெலிந்தாங்): நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் கொடுத்த பேரீச்சம்பழக் கொட்டை முளைக்குமா?

பதில்: தாராளமாக. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய கொட்டை ஒன்று 2005இல் நட்டபோது முளைத்தது, உங்களுடையது போன மாதத்துக் கொட்டை. கழுவி ஊறவைத்து, தண்ணீர் தேங்காத மண்ணில் போடுங்கள். வளர்ந்துவிட்டால் உப்பையும் தாங்கும். பழத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள்: ஆண், பெண் மரம் வேறு வேறு, பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் பழம் கெட்டுவிடும், நமக்கோ மழை நிற்பதே இல்லை. ஓலையடியில் நீளமான முள் இருக்கும், பேரப்பிள்ளைகள் ஓடும் பக்கம் நடாதீர்கள்.