1979 ஆர்.எக்ஸ்-7: எந்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் 1979 மாடல் மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 வைத்திருக்கிறேன்; பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கார். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் இதில் பாயிண்ட் (தொட்டு விலகும் சுவிட்ச்) வகை; அதைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் போடச் சொல்கிறார்கள். இணையத்தில் "எல்லா ரோட்டரிக்கும் பொருந்தும்" என்று புதிதாகவும், "முழுமையாகப் புதுப்பித்தது" என்று பழையதாகவும் விற்கிறார்கள். எதை வாங்கலாம்? மாஸ்டாவின் இன்னொரு ரோட்டரி காரான 1973 ஆர்.எக்ஸ்-3 வைத்திருக்கும் என் நண்பருக்கும் இதே சந்தேகம்.

பதில்: மாற்றுவதென்று முடிவு செய்தால், 1981 முதல் 1985 வரை 12ஏ என்ற ரோட்டரி எஞ்சினோடு வந்த மாஸ்டாவின் சொந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடி வாங்குங்கள். இரண்டு இக்னைட்டர்களும் (பாயிண்டின் வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் பாகங்கள்) அதன் பக்கவாட்டிலேயே இருக்கும். 1980 மாடலும் எலக்ட்ரானிக்தான், ஆனால் இக்னைட்டர்கள் தனியாக இருப்பதால் வயரிங் வேலை கூடும்.

அதற்கு முன், இப்போதிருக்கும் பாயிண்டைப் பாருங்கள். அதன் உரசும் பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் (பொறி விழும் நேரம்) பின்தங்கும். சில டாலர் செலவில் புது பாயிண்டும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரும் போட்டாலே காலைத் தொல்லை தீர்ந்துவிடலாம். இதைப் பார்க்காமலேயே டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ரோட்டரியில் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். சுமையைத் தாங்குவது லீடிங். அது செத்தால் வண்டி கிளம்பவே திணறும். ட்ரெய்லிங் செத்தால் ஓடும்; ஆனால் இழுவையும் மைலேஜும் குறையும், புகைபோக்கி அதிகமாகச் சூடாகும். டைமிங் லைட் வைத்து இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். 12ஏ-வில் பொதுவாக லீடிங் 0 டிகிரி, ட்ரெய்லிங் அதற்குப் பின் 20 டிகிரி. ஆனாலும் பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கர் சொல்வதையே பின்பற்றுங்கள். டைமிங் அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சினுக்குள் தட்டல் உண்டாகி, ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல் உடையும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

"முழுமையாகப் புதுப்பித்தது" என்ற பேச்சை நம்பாதீர்கள். பழைய வண்டிகளை உடைக்கும் கிடங்கில் கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, மூடியை மட்டும் புதிதாகப் போட்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். கையில் வாங்கிப் பாருங்கள். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு ரோட்டரைத் திருகி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வேக்யூம் குழாய்கள் இரண்டையும் வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பிடித்து நிற்க வேண்டும், காற்று கசிந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. பெயர் தெரியாத நகல் இக்னைட்டர் என்றால் பேரமே வேண்டாம். பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

"எல்லா ரோட்டரிக்கும் பொருந்தும்" என்பது சுத்தப் பொய். 1986 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7-இல் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

பொருத்தும்போது பலர் சறுக்கும் இடம், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில். பாயிண்ட் வண்டியில் காயிலுக்கு வரும் மின்சாரத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இக்னைட்டருக்கோ பேட்டரியின் முழு அழுத்தம் வேண்டும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் எடுக்கும் வண்டியிலிருந்தே காயில்களையும் எடுத்து, ரெசிஸ்டரை விலக்கிவிடுங்கள். இக்னைட்டரின் முதுகில் சூடு கடத்தும் பசையைத் தடவ மறக்காதீர்கள். அது இல்லாமல் சீக்கிரம் கருகிவிடும்.

இனி உங்கள் நண்பரின் வண்டி. 1973 ஆர்.எக்ஸ்-3-இல் ஒன்றல்ல, இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர்கள்: லீடிங்குக்கு ஒன்று, ட்ரெய்லிங்குக்கு ஒன்று. ஒன்றாக இணைந்தது 1974-இல்தான் வந்தது. எஞ்சினின் முன்மூடியே இரண்டுக்கும் இடம் வைத்து வார்க்கப்பட்டது என்பதால், உங்களுக்குச் சொன்ன மாற்றத்தை அவர் அப்படியே செய்ய முடியாது. முன்மூடியை மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சினின் முன்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். அடாப்டர் போட்டால் போதும் என்று யாரேனும் சொன்னால் நண்பர் கதவைச் சாத்திவிடட்டும். இரண்டையும் பாயிண்டோடு வைத்து, தனித்தனியே டைமிங் பார்த்து ஓட்டுவதே அவருக்கு நல்லது.

சட்டத்தைப் பாருங்கள்! 1975 வரையிலான வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் ஸ்மாக் (புகை) பரிசோதனை கிடையாது. ஆகவே மாற்றவே முடியாத நண்பருக்கு முழு விடுதலை. எளிதாக மாற்றிக்கொள்ளக்கூடிய உங்களுக்கோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. கம்பெனிப் பொருள் அல்லாத இக்னிஷன் பாகத்துக்குக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். பாயிண்டைவிட எலக்ட்ரானிக் இக்னிஷன் சீராகப் பொறி தரும், புகையும் குறையும். அதற்கு வழிவிட வேண்டியவர்களே காகிதம் கேட்டு மறிக்கிறார்கள். ஆனாலும் பரிசோதனையில் தோற்றால் நட்டம் உங்களுக்குத்தான். பணம் கொடுப்பதற்கு முன், சிக்கலான வண்டிகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஸ்மாக் ரெஃப்ரீ நிலையத்தை அழைத்து, பிந்தைய மாடலின் மாஸ்டா டிஸ்ட்ரிபியூட்டரை உங்கள் வண்டியில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள். சம்மதித்தால் அதை எழுத்தில் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டரையும் காயில்களையும் விற்காமல் பத்திரப்படுத்துங்கள்.