பெரியம்மையும் பருவகாலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பங்குனி, சித்திரையில்தான் அம்மை போடும் என்பார் எங்கள் பாட்டி. பெரியம்மை உடம்புச் சூட்டினால் வந்ததா? (மதுரை)

பாட்டி சொன்ன மாதம் சரி, காரணம் வேறு. பெரியம்மை வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டியது. ஈரம் குறைந்த காற்றில் அது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். வட இந்தியாவில் மழை ஓய்ந்தபின் மெல்லத் தலைதூக்கி, கோடை வரை ஏறி, பருவமழை பிடித்ததும் இறங்கும். அறுவடை முடிந்து கல்யாணம், திருவிழா என்று ஜனம் நடமாடுவதும் அதே மாதங்களில்தான். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவி முத்து தெரிய இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்பதால், மார்கழியில் பற்றியது பங்குனியில்தான் ஊரறியப் பரவியிருக்கும். பழி வெயில்மேல் விழுந்தது.

பகல் நீளுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (திருச்சி)

நேரடியாக இல்லை. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால்தான் பகல் நீள்வதும் குறுகுவதும். சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். லண்டனில் எட்டு மணி நேரத்துக்கு மேல். கோடையில் சூரியனுக்கு அருகில் போகிறோம் என்று இன்னமும் நினைக்கிறவர்கள் உண்டு. பூமி மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வைக்குள் சுருளும்போது!

ஒழித்தவர்கள் பருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா? (கோவை)

நல்ல கேள்வி. எல்லோருக்கும் அம்மை குத்தினால் போதும் என்றுதான் முதலில் நம்பினார்கள். 1966 டிசம்பரில் நைஜீரியாவில் தடுப்பு மருந்து போதாத நிலையில், அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி நோயாளிகளைத் தேடிப்பிடித்து அவர்களைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் போட்டார். நோய் நின்றது. 1967இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய தீவிரத் திட்டத்துக்கு இதுவே உயிர்நாடியானது.

இதற்குத் தோதான காலம் மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும். அப்போது தொற்றுச் சங்கிலிகள் சொற்பம். ஒன்றை அறுத்தால், சித்திரையில் கிளைத்திருக்கக்கூடிய நூறும் போச்சு. 1973இன் பிற்பகுதியில் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசத்தில் வீடு வீடாகத் தேடத் தொடங்கினார்கள். கையில் அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை. வாசலில் அதைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். கணக்கில் வராதவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். 1974இல் பீகார் கொந்தளித்தது. நாடு முழுக்க 1.88 லட்சம் பேருக்கு நோய். திட்டம் தோற்றது என்றே பலரும் பேசினார்கள். அடுத்த மே மாதம், நோய் உச்சத்தில் நிற்க வேண்டிய அதே பருவத்தில், பங்களாதேஷிலிருந்து வந்து அசாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் இருந்த ஒரு பெண்தான் இந்தியாவின் கடைசி நோயாளி.

அம்மாவின் தோளில் வட்டத் தழும்பு இருக்கிறது. பெரியம்மைக்குக் குத்தியதா? (தஞ்சாவூர்)

1980க்கு முன் பிறந்தவரானால் இருக்கலாம். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இருப்பது பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு. இந்தியாவில் முதலில் புழங்கியது, பற்களுள்ள சிறு தகட்டைத் தோலில் அழுத்தித் திருகும் கருவி; குழந்தைகள் அலறியதில் வியப்பில்லை. பின்னர் வந்தது நுனி இரண்டாகப் பிளந்த ஊசி. மருந்தில் தோய்த்தால் பிளவுக்குள் ஒரு துளி நிற்கும். ஒரே இடத்தில் பதினைந்து குத்து, ரத்தம் இலேசாகக் கசிந்தால் சரி.

உலகின் கடைசி நோயாளி? (ஈரோடு)

இயற்கையாகத் தொற்றியவர்களில், கொடிய வகைப் பெரியம்மைக்குப் பங்களாதேஷின் போலா தீவைச் சேர்ந்த குழந்தை ரஹிமா பானு, 1975 அக்டோபர். வீரியம் குறைந்த வகைக்குச் சோமாலியாவின் அலி மாவ் மாலின், 1977 அக்டோபர்; மருத்துவமனைச் சமையல்காரர். இருவருமே பிழைத்தார்கள். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆய்வகத் தொற்றால் ஒரு பெண் இறந்தார். 1980 மே 8 அன்று ஒழிப்பு அறிவிக்கப்பட்டது.

சின்னம்மையையும் இப்படி ஒழிக்கலாமே? (நெல்லை)

கடினம். பெரியம்மை வைரஸுக்கு மனிதனை விட்டால் புகலிடம் இல்லை. பிழைத்தவர் உடம்பில் அது தங்கவும் இல்லை. சின்னம்மை வைரஸோ நரம்பில் பதுங்கி, வயதான காலத்தில் அக்கியாக வெளியே வரும். அக்கியிலிருந்து பேரனுக்குச் சின்னம்மை ஒட்டும். தடுப்பூசி இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன்: அந்த வீட்டுக்குள் யாரும் நுழையாமல் இருந்தார்களே, அது வைத்தியம்தான்.